இரண்டு அடுக்கு தெர்மல் துணி: காய்ந்திருந்தால் கதகதப்பு, வேர்த்தால் நடுக்கம். எங்கே தப்பு?

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

வணக்கம். திருப்பூரில் நான்கு மெஷின் வைத்து ஜாப் ஒர்க் நிட்டிங் ஓட்டுகிறேன். இருபது வருடமாக சிங்கிள் ஜெர்சி, ரிப், இன்டர்லாக் இவைதான் பிழைப்பு. போன சீசனில் ஒரு பார்ட்டி வந்து தெர்மலுக்கு (குளிருக்கு உள்ளே போடும் பனியன்) இரண்டு அடுக்குத் துணி கேட்டார். மெஷினில் இரண்டு ஊசி வரிசை: சிலிண்டர் பக்கம் ஒரு நூல், டயல் பக்கம் இன்னொரு நூல், நடுவில் டக் (இரண்டு அடுக்கையும் இணைக்கும் கண்ணி) போட்டு இரண்டையும் பிடித்துக் கட்டுவது. உடம்பில் படும் பக்கம் 40ஸ் கோம்டு காட்டன், வெளிப்பக்கம் பாலியஸ்டர் ஃபிலமென்ட். 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) வந்தது. கையில் எடுத்தால் மெத்தென்று இருந்தது. என் மெஷினில் இறங்கியதிலேயே இதுதான் நல்ல துணி என்று மனசு நிறைந்து போனது.

லேபுக்கு அனுப்பினோம், வெப்பத் தடை நன்றாகவே வந்தது. ஆனால் போட்டுப் பார்த்தவர்கள் சொன்னது ஒரே மாதிரி இல்லை. இரவுக் காவலில் உட்கார்ந்திருப்பவர்கள் அருமை என்றார்கள். ஊட்டி மார்க்கெட்டில் மூட்டை ஏற்றுபவர்கள் திட்டாத குறை. "அரை மணி நேரம் கதகதப்பு, லோடு முடித்து டீக்கடையில் உட்கார்ந்ததும் முதுகில் ஐஸ் வைத்த மாதிரி" என்று ஒருவர் சொன்னார்.

பார்ட்டி 260 ஜிஎஸ்எம் ஆக்கு என்கிறார். இன்னொருவர் உள்பக்கம் ரைசிங் கொடுத்துப் பஞ்சு எழுப்பு என்கிறார். நூல் வாங்கும் முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே வந்தேன்.

---

ஆய்வக_மேசை (கோவை)

சார், ஜிஎஸ்எம்மைத் தொடாதீங்க, கொஞ்சம் பொறுங்க. துணி சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன், இந்தப் புகாரை நிறையக் கேட்டிருக்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை. குளிரைத் தடுப்பது நூல் இல்லை, நூலுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்று. அசையாத காற்றின் வெப்பக் கடத்துத்திறன் சுமார் 0.025 வாட் (ஒரு மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு). தண்ணீருக்கு 0.6. அதாவது 24 மடங்கு. உங்கள் துணியின் கண்ணிகளுக்குள் காற்று இருக்கும்வரை அது போர்வை. அந்த இடத்தில் வேர்வை வந்து உட்கார்ந்துவிட்டால், சூட்டை வெளியே கொண்டுபோக வழி போட்டுக் கொடுத்த மாதிரி.

உடுப்பின் வெப்பத் தடையைச் சொல்ல 1941ல் அமெரிக்காவில் 'குளோ' என்று ஒரு அலகு வைத்தார்கள். 21 டிகிரி அறையில், காற்று பெரிதாக வீசாமல், சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இதமாக இருக்கும் உடுப்பு 1 குளோ. நல்ல துணி எதுவானாலும் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 1.6 குளோ கிடைக்கும். காட்டனா, கம்பளியா, பாலியஸ்டரா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை, தடிமன்தான் கணக்கு. அந்த வரையறையில் 'சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர்' என்று இருப்பதைக் கவனியுங்கள். உங்கள் வாட்ச்மேன் அதில் வருவார். மூட்டை தூக்குகிறவர் வரமாட்டார்.

உங்களிடம் இருப்பது எந்த ரிப்போர்ட்? ஐஎஸ்ஓ 11092 என்றால் 35 டிகிரியில் வைத்த சூட்டுத் தட்டின் மேல் துணியை விரித்து அளந்திருப்பார்கள். அதில் வெப்பத் தடை ஒன்று, நீராவித் தடை (வேர்வை ஆவி வெளியே போவதைத் துணி எவ்வளவு தடுக்கிறது) ஒன்று என்று இரண்டு எண் எடுக்கலாம். வந்தது ஒன்றா, இரண்டா?

---

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

ஒன்றுதான் மேடம். வெப்பத் தடை மட்டும். இன்னொன்று இருப்பதே இப்போதுதான் தெரியும், பார்ட்டியும் கேட்கவில்லை.

---

காரட்தோட்டம் (நீலகிரி)

அண்ணா, டீக்கடையில் ஐஸ் வைத்த மாதிரி என்று சொன்னவர் யாரோ, பொய் சொல்லவில்லை. எங்கள் பக்கம் காரட் அறுப்பு விடியும் முன்னால் ஆரம்பித்துவிடும். மார்கழி, தையில் தலைகுந்தா பக்கம் புல் எல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடக்கும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு குனிந்து பிடுங்குவோம். கை மட்டும்தான் மரத்துப் போகும், உடம்புக்கு ஒன்றும் தெரியாது. பிறகு மூட்டையைத் தோளில் வைத்து மேட்டில் ரோட்டுக்கு ஏற்ற வேண்டும். நாலு நடை போனால் பனியன் நனைந்துவிடும், அந்தக் குளிரிலும்.

கஷ்டம் அதற்கப்புறம்தான். மூட்டை எல்லாம் ஏற்றிவிட்டு லாரிக்காக நிற்போம். பத்து நிமிஷத்தில் பல் கிட்டும். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டாலும் நிற்காது. ஒருமுறை ரெயின்கோட்டை மேலே போட்டுப் பார்த்தேன். காற்று நின்றது. ஆனால் கழற்றும்போது உள்ளே கொடியில் பிழியாமல் போட்ட துணி மாதிரி சொட்டியது.

என் அப்பா மேடு ஏறும் முன்னால் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்வார். மேலே போய் நின்றதும் போடுவார். சின்ன வயதில் இதென்ன கிறுக்குத்தனம் என்று நினைத்திருக்கிறேன்.

---

ஆய்வக_மேசை (கோவை)

உங்கள் அப்பா செய்ததுதான் சரி. அவர் செய்ததற்கு ஒரு கணக்கே இருக்கிறது.

சும்மா இருக்கும் உடம்பு சுமார் 100 வாட் சூடு உண்டாக்கும். மூட்டை தூக்கும்போது அது பல மடங்கு. அந்தச் சூட்டை வெளியேற்றத்தான் வேர்க்கிறது. இப்போது பனியனில் 100 கிராம் வேர்வை தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அரை டம்ளர்தான். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வேண்டும். 100 கிராமுக்கு 240 கிலோஜூல். அது ஒரு மணி நேரத்தில் உலர்ந்தால் நொடிக்கு நொடி 67 வாட் போய்க்கொண்டே இருக்கும். உலர்வது தோலை ஒட்டிய பனியனில் என்றால் அதில் பெரும்பகுதி உடம்பிலிருந்துதான் போகும். லாரிக்கு நிற்கும்போது உடம்பு உண்டாக்குவதே 100 வாட். அதில் 67 போனால் என்ன மிஞ்சும்?

அதனால் நனைந்த துணி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. தோலில் ஒட்டியா, அல்லது இரண்டு மில்லிமீட்டர் தள்ளியா? வேர்வை வராமல் தடுக்க முடியாது. அதைத் தோலை விட்டு நகர்த்தி, வெளி அடுக்கில் பரப்பி, அங்கே உலரவைக்கலாம். இரண்டு அடுக்குத் துணி பின்னுவதன் பயனே அதுதான்.

நிட்டிங் சார், உங்கள் துணி அதற்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. காட்டன் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாதாரண அறைக் காற்றிலேயே தன் எடையில் 8 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஈரம் வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 சதவீதம்தான். பிடித்து வைப்பவனை உள்ளேயும் வேண்டாம் என்பவனை வெளியேயும் வைத்திருக்கிறீர்கள். வேர்வை காட்டனை விட்டு வெளியே வருமா?

---

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உடம்பில் காட்டன்தான் படவேண்டும் என்று கேட்டே வளர்ந்தவன். பார்ட்டி காட்டன் உள்ளே என்று சொன்னதும் மறுபேச்சு யோசிக்கவில்லை.

---

குளிர்நாட்டான் (ரொறன்ரோ)

அண்ணை, வணக்கம். யாழ்ப்பாணத்தில் பிறந்து இங்கே 19 வருசமாக வெயார்ஹவுஸ் வேலை. பாதி நேரம் உறைகுளிர் அறைக்குள், மீதி நேரம் லோடிங் வாசலில். மாசி மாதத்தில் வெளியே மைனஸ் 20.

வந்த புதிதில் தடிப்பான காட்டன் உள்ளாடை, அதற்கு மேல் தடிப்பான காட்டன் ஹூடி, அதற்கு மேல் ஜக்கெற். உருண்டையாக இருப்பேன், நடுங்கிக்கொண்டும் இருப்பேன். என்னுடன் வேலை செய்த வயதான நியூஃபவுண்ட்லாந்துக்காரர் ஒருநாள் என் ஹூடியின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை வீட்டில் வைத்துவிட்டு வா என்றார். அவர் பழக்கியது மூன்று அடுக்கு. தோலில் மெல்லிய மெரினோ, அதாவது மென்மையான செம்மறிக் கம்பளி. நடுவில் ஃபிலீஸ், பஞ்சு எழுப்பிய பாலியஸ்டர் துணி. மேலே காற்றுப் புகாத மெல்லிய ஜக்கெற். மூன்றையும் சேர்த்தாலும் என் பழைய ஹூடி அளவுக்குப் பாரம் இல்லை.

இரண்டு விசயம் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஃபிலீஸ் மட்டும் போட்டு வெளியே போனால் காற்று சல்லடைக்குள்ளால் வருகிற மாதிரி வரும், அதற்கு மேல் ஒரு மூடி வேண்டும். மற்றது, அந்த மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கிற ஃபிலீஸ் நசுங்கிப் போகும், சூடும் போகும். ஒரு அளவு பெரிதாக வாங்க வேண்டும்.

நீங்கள் ஏன் மெரினோவில் பின்னக்கூடாது?

---

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

விலைதான் தம்பி. மெரினோ நூலில் செய்தால் காரட் அறுக்கும் ஆள் வாங்க முடியாது. அவர் வாங்கமுடியாத தெர்மலை நான் பின்னி என்ன செய்ய?

---

ஆய்வக_மேசை (கோவை)

மெரினோ பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை நீராவியை இழைக்குள் வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரியாது. வாங்கும்போது கொஞ்சம் சூடும் வெளிவிடும். சாதாரணக் கம்பளி ஏன் குத்துகிறது என்றால், 30 மைக்ரானைத் தாண்டிய தடித்த இழைகளின் நுனி வளையாமல் தோலில் ஊன்றும். மெரினோ 17, 18 மைக்ரானில் கிடைக்கும், அதனால் வளைந்து கொடுக்கும். எல்லாம் சரி, விலை நம் ஆட்களுக்கு ஆகாது. நிட்டிங் சாரோடு ஒத்துப்போகிறேன்.

இன்னொரு பழைய வழி உண்டு. நார்வே ராணுவத்தில் இருந்த ஹென்ரிக் ப்ரூன் என்பவர் 1933ல் மீன் வலையை உள்ளாடையாக ஆக்கிப் பார்த்தார். பெரிய பெரிய ஓட்டை, ஆனால் மேலே ஒரு சட்டை போட்டதும் ஒவ்வொரு ஓட்டையும் ஒரு காற்று அறை. வேலை செய்யும்போது கழுத்துப் பட்டனைத் திறந்தால் ஆவி மேலே ஏறிப் போய்விடும். 1953ல் எவரெஸ்ட் ஏறிய குழுவும் இந்த வலைப் பனியனைக் கொண்டுபோனது. நம் ரிப் மெஷினில் வரும் வாஃபிள் டிசைனில் உள்பக்கம் குழி குழியாக இருக்கிறதே, அதுவும் இதே யோசனைதான். தோலில் துணி படும் இடம் குறைய வேண்டும், நடுவே காற்று நிற்க வேண்டும்.

---

பழைய_பனியன் (ஈரோடு)

எல்லோரும் சேர்ந்து காட்டனை வில்லன் ஆக்கிவிட்டீர்கள். ஊட்டிக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறவன் காரில் உட்கார்ந்து போகிறான், ரூமில் படுக்கிறான். அவனுக்குக் காட்டன் தெர்மலில் என்ன குறை? பாலியஸ்டர் ஒரே நாளில் நாறும். தோலில் அரிப்பு வருகிறவர்கள் எத்தனை பேர்! பஞ்சு எழுப்பிய பாலியஸ்டரைத் துவைக்கத் துவைக்க நுண்ணிழை உதிர்ந்து தண்ணீரில் கலக்கிறது, அதையும் யோசியுங்கள்.

---

ஆய்வக_மேசை (கோவை)

நியாயமான பேச்சு. வேர்க்காத ஆளுக்குக் காட்டன் இன்டர்லாக் நல்ல தெர்மல்தான், தூங்குவதற்கு நானும் அதையே போடுகிறேன். நாற்றமும் உண்மை, பாலியஸ்டரைவிட பாலிப்ரொப்பிலீனில் இன்னும் மோசம். நுண்ணிழை விஷயத்தில் மறுப்பே கிடையாது. அதனால்தான் நிட்டிங் சாரிடம் ரைசிங் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பஞ்சு எழுப்பினால் கைக்கு உடனே சூடாகத் தெரியும். தொடும் புள்ளிகள் குறைவதால் முதல் நொடியில் கையிலிருந்து குறைவாகச் சூட்டை உறிஞ்சும், அவ்வளவுதான். செக் நாட்டில் லூபோஷ் ஹெஸ் இதை அளக்கவே அலம்பெட்டா என்று ஒரு கருவி செய்தார். கடையில் துணி விற்க அந்த முதல் தொடுகை உதவும். நனைந்த பிறகு அந்தப் பஞ்சு தோலில் படுத்து ஒட்டிக்கொண்டால் ஒரு பயனும் இல்லை.

---

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

நேற்று ராத்திரி ஒரு வேலை செய்தேன், சொல்கிறேன் கேளுங்க.

மிச்சம் இருந்த துணியில் இரண்டு துண்டு வெட்டினேன். ஒன்றைக் காட்டன் பக்கம் மேலே வைத்து, இன்னொன்றைப் பாலியஸ்டர் பக்கம் மேலே வைத்து, இரண்டுக்கும் அடியில் வெள்ளைத் தாள். மை கலந்த தண்ணீர் ஒரு சொட்டு விட்டேன். காட்டன் பக்கம் விட்ட சொட்டு அப்படியே குடித்துப் பரவியது. ரூபாய்க் காசு அளவுக்கு வட்டம், விரலால் தொட்டால் ஜில்லென்று ஈரம். துணியைத் தூக்கினால் அடியில் தாள் கிட்டத்தட்ட காய்ந்து இருந்தது.

பாலியஸ்டர் பக்கம் விட்ட சொட்டு ஒரு நொடி தயங்கி நின்றது. அப்புறம் டக் விழுந்த புள்ளிகள் வழியாக உள்ளே இறங்குவது கண்ணுக்கே தெரிந்தது. மேலே சின்னப் பொட்டு மட்டும்தான். திருப்பிப் பார்த்தால் காட்டன் பக்கம் பெரிய வட்டம். மேலே தொட்டேன், விரலில் ஈரம் ஒட்டவில்லை.

ஒரே துணி. என் மெஷினில் இறங்கிய அதே ரோல். திருப்பிப் போட்டதும் வேறு துணி ஆகிவிட்டது. ரொம்ப நாளைக்கு அப்புறம் தூக்கம் வராமல் சந்தோஷமாக இருந்தேன். சாம்பிள் பீஸ் ஒன்றை உள்ளே வெளியே திருப்பி நானே போட்டுக்கொண்டு மொட்டை மாடிப் படியில் ஏறி இறங்கினேன். வீட்டில் கேட்டதற்குப் பதில் சொல்ல நேரமில்லை.

மேடம், இப்போது டக் எவ்வளவு போடுவது? இப்போது ஆறு ஊசிக்கு ஒன்று.

---

ஆய்வக_மேசை (கோவை)

இந்த நாள் நல்ல நாள் சார்!

டக் புள்ளிதான் இரண்டு அடுக்குக்கும் நடுவே பாலம். வேர்வை அதன் வழியாகத்தான் வெளியே போகும். புள்ளிகளை அதிகமாக்கினால் ஈரம் வேகமாகப் போகும், ஆனால் இரண்டு அடுக்கும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும். தடிமன் குறையும், நடுவில் நிற்கும் காற்றும் குறையும், துணி விறைக்கும். குறைத்தால் மொத்தமாகக் காற்றோடு நிற்கும், ஆனால் ஈரம் கடக்கப் பாலம் இருக்காது, போடப்போட அடுக்குகள் தனியாக நகரும். மூட்டை தூக்கும் ஆளுக்கு நாலு ஊசிக்கு ஒன்று போட்டுப் பாருங்கள். காவல் வேலைக்கு இருக்கிற ஆறே போதும். உள்பக்க நூலை மைக்ரோ டெனியருக்கு (மிக நுண்ணிய இழைக்கு) கொண்டுபோக வேண்டாம். உள்ளே கொஞ்சம் தடித்த இழை, வெளியே நுண்ணிய இழை இருந்தால், நுண்ணிய சந்து தண்ணீரைத் தானாக இழுத்துக்கொள்ளும். இதுதான் நுண்குழல் விசை.

---

சாயத்_தொட்டி (திருப்பூர்)

நிட்டிங் அண்ணே, இவ்வளவும் செய்துவிட்டு துணியை டையிங்குக்கு அனுப்பி, கை நன்றாக இருக்க வேண்டும் என்று சிலிக்கான் சாஃப்ட்னர் போடச் சொல்லிவிடாதீர்கள். காட்டன் பக்கம் தண்ணீரைத் தள்ள ஆரம்பித்துவிடும், அத்தனை உழைப்பும் வீண். தண்ணீர் குடிக்கிற வகை சாஃப்ட்னர் தனியாக இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் வாசனை கண்டிஷனர் ஊற்றித் துவைக்க வேண்டாம் என்று லேபிளிலும் எழுதிவிடுங்கள்.

இன்னொன்று. பாலியஸ்டருக்கு 130 டிகிரியில் ஒரு சாயம், காட்டனுக்கு 60 டிகிரியில் ஒரு சாயம் என்று இரண்டு தடவை ஓட்ட வேண்டாம். பாலியஸ்டர் உள்ளே போய்விட்டது, யார் பார்க்கப் போகிறார்கள்? அதை வெள்ளையாகவே விட்டுவிட்டு வெளிக் காட்டனை மட்டும் சாயம் போடுங்கள். ஒரு தொட்டித் தண்ணீர் மிச்சம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நான் வேலை இல்லாமல் உட்கார்ந்தவன். சாயக் கழிவால் நொய்யல் ஆறு பட்ட பாடும் தெரியும். மிச்சப்படுகிற ஒவ்வொரு தொட்டியும் எனக்குப் பெரிசு.

---

பேட்லாக்_அக்கா (அவிநாசி)

துணியைப் பற்றியே பேசுகிறீர்களே, தையலை யார் பேசுவது? தோளில் நாலு நூல் ஓவர்லாக் கயிறு மாதிரி எழும்பி நின்றால், மூட்டை வைக்கிற இடத்தில் அறுக்கும். தெர்மலுக்குத் தோளிலும் அக்குளிலும் பேட்லாக் (தட்டையாகப் படியும் தையல்) போட்டுப் படுக்கவைக்க வேண்டும். முடிந்தால் தோள் ஜாயின்ட்டையே முன்னால் இரண்டு இன்ச் தள்ளிவிடுங்கள்.

அளவும் முக்கியம். தொளதொள என்று இருந்தால் கை வீசும் ஒவ்வொரு தடவையும் கழுத்து வழியாகச் சூடு காற்று வெளியே போய்க் குளிர் உள்ளே வரும். ரொம்ப இறுக்கினால் கண்ணி விரிந்து துணி மெலிந்துவிடும், நீங்கள் டக் எண்ணிப் பின்னிய காற்றெல்லாம் போச்சு. உடம்போடு படுத்து, இழுக்காமல் இருக்க வேண்டும். குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு முதுகுப் பக்கம் மூன்று இன்ச் நீளம் கூட வையுங்கள், இல்லையென்றால் இடுப்பு திறந்துவிடும்.

அப்புறம் ஒரு வருத்தம். நான் தைத்த தெர்மல் ஆர்டர் எல்லாம் ஆம்பளை அளவு. தேயிலை பறிப்பதும் காரட் கழுவுவதும் யார்? பெண்கள்தானே? பாதிப் பேர் வீட்டுக்காரரின் பழைய ஸ்வெட்டரில் நிற்கிறார்கள். பெண்கள் அளவுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டுங்கள், தையலை நான் பார்த்துக்கொள்கிறேன்.

---

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கணும். புதுத் துணி இறங்கிவிட்டது. உள்ளே பாலியஸ்டர் வெள்ளை, வெளியே காட்டன், நாலுக்கு ஒரு டக், 200 ஜிஎஸ்எம். பழையதைவிட 20 குறைவு! பார்ட்டியிடம் ஜிஎஸ்எம்மைக் குறைத்தேன் என்று சொல்லவே பயமாக இருந்தது, சொட்டுத் தண்ணீர் விட்டுக் காட்டியதும் ஒப்புக்கொண்டார். அக்கா ஆறு பீஸ் தைத்துக் கொடுத்தார்கள். காரட்தோட்டம் தம்பிக்கு பார்சல் போயிருக்கிறது. நல்லது மட்டும் சொல்ல வேண்டாம் தம்பி, உள்ளதைச் சொல்லுங்க.

---

காரட்தோட்டம் (நீலகிரி)

அண்ணா, ஐந்து நாள் போட்டாயிற்று. ஆறு பேரும்.

முதலில் கையில் எடுத்தபோது நம்பிக்கை வரவில்லை. பழைய சாம்பிள் மாதிரி மெத்தென்று இல்லை. போட்டதும் கொஞ்சம் சில்லென்றுகூட இருந்தது. அறுப்பு முடிந்து மூட்டை ஏற்றினோம், வழக்கம்போல வேர்த்தது. அப்பா சொல்லிக்கொடுத்தபடி ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் ஏறினேன், மேலே போய் நின்றதும் போட்டுக்கொண்டேன். லாரி வர முக்கால் மணி. பத்து நிமிஷம் கழித்து முதுகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். தோல் காய்ந்திருந்தது. பனியனின் வெளிப்பக்கம் ஈரம், ஸ்வெட்டரின் உள்பக்கம் பனி விழுந்த மாதிரி பொடிப்பொடியாகத் தண்ணீர். நடுக்கம் வரவில்லை. ராமண்ணன் என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் எப்போதும் முதல் ஆளாக நெருப்பு மூட்டுவார், அன்றைக்கு மூட்டவே இல்லை.

இனி குறை. மூன்றாம் நாள் நாற்றம் வந்துவிட்டது, ஈரோட்டு அண்ணன் சொன்னது சரிதான். இரண்டு பீஸாவது மாற்றி மாற்றிப் போட வேண்டும். கழுத்து ரிப் ஈரமாகவே நின்று ஜில்லென்று இருக்கிறது, அது மட்டும் முழுக் காட்டன் போல. மணிக்கட்டில் தொளதொளவென்று இருப்பதால் காரட் மண் உள்ளே போகிறது.

---

நிட்டிங்_பட்டறை (திருப்பூர்)

கழுத்து ரிப்புக்கு கையில் இருந்த காட்டன் ரிப்பை எடுத்துக் கொடுத்துவிட்டேன், தப்பு என்னுடையது. கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் உள்ளே பாலியஸ்டர், வெளியே காட்டன் பிளேட்டிங்கில் (இரண்டு நூலையும் ஒரே கண்ணியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னுவது), லூப் லென்த் (கண்ணி நீளம்) குறைத்து இறுக்கமாக ஓட்டுகிறேன், கொஞ்சம் லைக்ராவும் சேர்த்து. மணிக்கட்டு சுற்றளவு எத்தனை இன்ச் என்று அளந்து போடுங்கள்.

---

காரட்தோட்டம் (நீலகிரி)

மணிக்கட்டு ஆறேமுக்கால். அவிநாசி அக்கா, காரட் கழுவும் பட்டறையில் என் அம்மாவோடு எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை டேப் வைத்து எல்லோரையும் அளந்து அனுப்புகிறேன். தோள், மார்பு, முதுகு நீளம் தவிர வேறு எதை எடுக்கணும்?

---

பேட்லாக்_அக்கா (அவிநாசி)

கை நீளம் எடுக்கும்போது முழங்கையை மடக்கச் சொல்லி எடு தம்பி. நின்றபடி எடுத்தால் வேலை செய்யும்போது ஏறிக்கொள்ளும். முதுகு நீளத்தைக் குனியச் சொல்லி எடு.